டிசம்பரில் குல்மார்க்: பனி குறைவான நாட்களில் சறுக்கக் கற்றுக்கொண்ட அனுபவம்

(எழுதியவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.)

முத்தியால்பேட்டை:

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள எப்போது போகலாம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி என்றுதான் சொல்வார்கள். பனி நன்றாக விழுந்து இறுகியிருக்கும் காலம் அது. எங்களுக்கு லீவு கிடைத்ததோ டிசம்பரில். காலேஜில் ஒன்றாகப் படித்த கூட்டம் நாங்கள். பாதிப் பேர் புதுச்சேரி, மீதிப் பேர் கடலூர்ப் பக்கம், ஒருவன் நெய்வேலி. இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது கிளம்பி, சென்னையில் விமானம் ஏறி, டெல்லி வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து காரில் குல்மார்க். போய்வந்த பிறகு என் கருத்து: முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பர் நல்ல மாதம்தான். ஆனால் அன்றன்றைக்கு எங்கே சறுக்கலாம், எங்கே கூடாது என்ற முடிவை அந்த ஊர்க்காரரிடம் விட்டுவிட வேண்டும்.

முதலில் உயரம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நீலகிரியில் மலை முடிகிற உயரத்தில் அங்கே பாடம் ஆரம்பிக்கிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு முதல் நாள் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். போய்ச் சேர்ந்த அன்று நாங்கள் ஸ்கீயை, அதாவது சறுக்குவதற்குக் காலில் மாட்டும் நீளப் பலகையை, தொடவே இல்லை. மெதுவாக நடந்து, 1902-ல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்து சீக்கிரம் படுத்தோம். நெய்வேலிக்காரனுக்கு லேசான தலைவலி, மறுநாள் காலையில் சரியாகிவிட்டது.

அப்புறம் பூட்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு நாள் கெடுவது இங்கேதான். ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது, முன்பக்கம் வரிசையாகக் கொக்கிகள். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. திருப்பாதிரிப்புலியூர்த் தோழி குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு, உள்ளே குளிருக்குப் போட்டிருந்த தெர்மல் கால்சட்டையையும் பூட்ஸுக்குள் திணித்துவிட்டாள். அரை மணி நேரத்தில் கெண்டைக்காலில் வலி பொறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். வாடகைக் கடைப் பையன் கொக்கிகளைக் கழற்றி, ஒரு சாக்ஸை உருவி, தெர்மலை மேலே இழுத்துவிட்டு, சுருக்கம் ஏதும் இல்லாமல் கையால் தடவிப் பார்த்து மறுபடி மாட்டினான். அதோடு வலி போயிற்று. இறுக்கத்தில் ரத்தம் ஓடாமல் போனால் இரண்டு சாக்ஸ் போட்டாலும் கால் சில்லென்றுதான் இருக்கும். ஒரே ஒரு நல்ல கம்பளிச் சாக்ஸ் போதும்.

அதே பையன் எங்கள் ஒவ்வொருவரின் எடை, உயரம், வயதைக் கேட்டு, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை ஸ்க்ரூடிரைவரால் திருகினான். விழும்போது கால் முறுக்கிக்கொண்டால் ஸ்கீ தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் ஜவ்வு கிழியும். எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். எந்தக் கடையிலாவது இதைக் கேட்காமலே ஸ்கீயைக் கையில் கொடுத்தால், வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த ஸ்கீயின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். புதிது இல்லையா என்று கேட்டோம். இந்த மாதத்துக்கு இதுதான் என்றான். சரிவில் இறங்கியதும் காரணம் புரிந்தது. புல் நுனிகள் பனிக்கு மேலே எட்டிப் பார்த்தன. கல் இருக்கும் இடங்களில் தேவதாரு மரத்தின் சின்னக் கிளைகளைச் செருகி வைத்திருந்தார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டங்மார்க்கைச் சேர்ந்தவர். குல்மார்க்குக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஊர் அது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், பாய்சாப் (அண்ணா) என்று கூப்பிட்டோம். எங்களில் இருவருக்குத்தான் இந்தி வரும். மற்றவர்களுக்கு அவர் செய்துகாட்டியே சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டித் தட்டையான இடத்தில் சுற்றிச் சுற்றி வரச் சொன்னார். பிறகு இரண்டு காலிலும். அப்புறம் விழுவதற்கே தனிப் பாடம்: கையை ஊன்றாமல் பக்கவாட்டில், பிட்டத்தில் விழ வேண்டும். எழுந்திருக்க, முதலில் இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். குறுக்கே இல்லாமல் எழுந்தால் பாதி எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும்.

பனி போதாததால் அந்தச் சரிவில் ஆளை மேலே இழுத்துப்போகும் லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் அடி வைத்து நாங்களே ஏறினோம். கடலூர் நண்பனுக்கு முதலில் எரிச்சல். எனக்கு இதுதான் டிசம்பரின் கொடை என்று தோன்றியது. ஏறும்போதே ஸ்கீயின் ஓரம் பனியில் எப்படிக் கடிக்கிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடுகிறது. நின்று பிடிக்கத் தெரிந்த பிறகுதான் சறுக்கப் போகிறோம். முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, குதிகாலை வெளியே தள்ளினால் வேகம் குறையும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும், அங்கேதான் கட்டுப்பாடு போகிறது. பூட்ஸின் நாக்கு கெண்டைக்கால் முன்னெலும்பில் அழுந்துகிறதா என்று மட்டும் கவனி என்றார் பாய்சாப். அதைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு எல்லாம் வந்தது. மேலிருந்து கீழே வரை ஒரே சீராக இறங்கி, வேலிக்கு முன்னால் நானாக நின்றபோது கத்திவிட்டேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குல்மார்க் கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கி மலையேறும் பெட்டி வண்டி, இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை. இரண்டாவது அஃபர்வத் மலைத்தோள் வரை, கிட்டத்தட்ட 3,950 மீட்டர். ஓரளவு சறுக்க வந்ததும் கடலூர் நண்பனுக்கு ஸ்கீயோடு அஃபர்வத் போக ஆசை. முந்தைய இரவு பனி நன்றாகக் கொட்டியிருந்தது, காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நாங்களும் நினைத்தோம். பாய்சாப் முடியாது என்றுவிட்டார்.

எங்களை மரங்களின் நிழலுக்குக் கூட்டிப்போய், கம்பால் பனியைத் தரைவரை வெட்டிக் காட்டினார். மேலே புதுப்பனி, மெத்தென்று. அடியில் இருந்தது வேறு மாதிரி. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை ஆகவில்லை, விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. பருவ ஆரம்பத்தில் விழும் மெல்லிய பனிக்கு அடியில் தரை கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், மேலே இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். அந்த வித்தியாசத்தில் நீராவி மேலேறி, பனித்துகள்கள் ஒட்டாத பெரிய மணிகளாக மாறிவிடும். சறுக்குகிறவர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். இதன்மேல் கனமான புதுப்பனி விழுந்தால் மேலடுக்குக்குப் பிடிமானம் கிடையாது. செங்குத்தான சரிவில் ஒரு ஆள் குறுக்கே போனாலே மொத்தமும் பாளமாக நழுவும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்குவீரர்கள் இருவர் இறந்தார்கள்.

சற்று நேரத்தில் மேலே சறுக்க அனுமதி இல்லை என்று பனிச்சறுக்கு ரோந்துக் குழுவும் அறிவித்தது. அன்று நாங்கள் முதல் கட்டம் வரை மட்டும் போய் வேடிக்கை பார்த்தோம். நாங்கள் மேலே போகாததால் பாய்சாப்புக்குத்தான் அன்றைய கூலியில் பெரும்பகுதி போயிற்று. இருந்தும் அசையவில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

மஞ்சக்குப்பம்:

நாங்கள் போனது உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்கு, அதே டிசம்பர் கடைசியில். பனி நிச்சயம் என்று ஏற்பாடு செய்தவர் அடித்துச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் சரிவு முழுக்கக் காய்ந்த புல். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம் அது, செயற்கைப் பனி தயாரிக்கும் வசதியும் அமைத்திருந்தார்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் தண்ணீர்த் துளி காற்றிலேயே உறையும். ஜோஷிமட்டிலிருந்து போகும் ரோப்வேயும் 2023-ல் ஊரில் நிலம் இறங்கிய பிறகு நிறுத்தப்பட்டுவிட்டது, சாலை வழியாகத்தான் போனோம். ஸ்கீ மாட்டவே இல்லை. கோர்சோன் புல்வெளி வரை நடந்தோம், நந்தாதேவி கண்ணுக்கு நேரே. குறை சொல்ல முடியாத காட்சிதான், என்றாலும் கற்றுக்கொள்ளப் போனவனுக்கு அது ஆறுதல் இல்லை. பனி இல்லாவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கோட்டக்குப்பம்:

செரினிட்டி பீச்சில் அலைச்சறுக்கு பழகியவன் நான். அந்தத் தைரியத்தில் மணாலி போனேன். பக்கத்தில் சறுக்கும் இடமான சோலாங்கில் பனி இல்லாததால் அடல் சுரங்கப்பாதை தாண்டி லாஹுல் பக்கம் கூட்டிப்போனார்கள், அங்கே ஓரளவு இருந்தது. அலைப் பலகையில் உடம்பு பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஸ்கீயில் நெஞ்சு நேராகக் கீழ்நோக்கி. எனக்கு இது கடைசிவரை முரண்டு பிடித்தது. கடலில் பழகியவர்கள் இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டை முயன்று பாருங்கள், கால் வைக்கும் முறை அதற்குத்தான் ஒத்துவரும். இன்னொன்று, வெயில். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழும் சன்ஸ்க்ரீன் தடவ வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

தேவனாம்பட்டினம்:

முத்தியால்பேட்டை அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் அப்பாவோ எங்கள் வீட்டில் வேறு யாருமோ படகை எடுப்பதில்லை. மலையில் ரோந்துக் குழு சொல்வதும் அதே கூண்டுதான் என்று புரிகிறது. ஒரு சந்தேகம் அக்கா. அம்மாவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி உண்டு, பனியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். டிசம்பரில் கூட்டிப்போகலாமா?

முத்தியால்பேட்டை:

தாராளமாகக் கூட்டிப்போ தம்பி. ஆனால் பார்க்க மட்டும் போவதென்றால் ஜனவரி நடுப்பகுதிக்கு மேல் போ. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்தத் தாழ்வுகள்தான் அங்கே பனியைக் கொண்டுவருகின்றன, அவை எப்போது வரும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் பனியில்லாமல் கிடந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் குல்மார்க்கில் நடக்க இருந்தவற்றையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் டிக்கெட் போடும் முன் ஒரு வாரம் வானிலையைப் பார்த்துக்கொள்.

அம்மாவை முதல் கட்ட கொண்டோலாவில் கோங்டூரி வரை கூட்டிப்போ, உட்கார்ந்தபடியே போய் வரலாம். அந்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடு. ரப்பர் பூட்ஸ் டங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பனியில் இழுத்துப்போகும் ஸ்லெட்ஜ் வண்டிக்காரரிடம் ஏறும் முன்பே எதுவரை, எவ்வளவு என்று பேசிவிடு. காலையில் மிதிபட்டு இறுகிய பாதை கண்ணாடியாக வழுக்கும், அம்மாவை வெயில் ஏறிய பிறகு வெளியே கூட்டிவா. கைத்தடி ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போ, அடியில் இரும்புப் பூண் போட்டதாக இருக்கட்டும்.