தண்டையார்பேட்டை பக்கம் ட்ரைக்கோஸ்கோப்பி (முடியையும் தலைத்தோலையும் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) எங்கே செய்கிறார்கள்?

என் மகளுக்கு 9 வயது. பின்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, நடுவில் கரும்புள்ளியாக ஒடிந்த முடிகள் தெரிகின்றன. அதை மறைத்துத்தான் சடை போடச் சொல்கிறாள், பார்க்கவே மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் சொன்னார்களென்று சின்ன வெங்காயம் தேய்த்தோம். தோல் சிவந்ததுதான் மிச்சம். அப்புறம் பார்த்த மருத்துவர் எட்ட நின்றே களிம்பு எழுதிக் கொடுத்தார். புழுவெட்டா, படர்தாமரையா என்று தெரியாமல் எப்படித் தடவுவது?

இந்தச் சோதனையில் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்து 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலே துப்பு கிடைக்குமாம். முடி அடி மெலிந்து ஆச்சரியக்குறி போல நின்றால் புழுவெட்டு, கமா போல வளைந்திருந்தால் படர்தாமரை, அதாவது பூஞ்சை. ஊசி, வலி கிடையாது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை தோல் பிரிவில் இது உண்டா? எந்தக் கிழமை போகலாம்? ராயபுரம், பெரம்பூரில் குழந்தைகளைப் பொறுமையாகப் பார்க்கும் தோல் மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள்.