எதிர்ப்பு ரகம்னு சொன்னாங்க, இலை முழுக்கப் புள்ளி – அவசரம்

கழனிமேடு: நோய் வராத ரகம்னு சொல்லித்தான் விதை கொடுத்தாங்க. இப்போ இலையெல்லாம் புள்ளி. மூணு நாள்ல பக்கத்துக் கழனிக்கும் வந்துடுச்சு. விதை கலப்படமா? என்ன மருந்து அடிக்கலாம்?

தாளடி: என்ன பயிர், என்ன ரகம், நட்டு எத்தனை நாள்?

விதைநெல்: நெல்லுன்னு வச்சுக்கறேன். புள்ளி என்ன வடிவம்? ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல், ஓரம் பழுப்புன்னா குலைநோய். எள்ளைத் தூவின மாதிரி முட்டை வடிவம்னா செம்புள்ளி. அது சத்து கெட்ட மண்ணுல வரும், வைத்தியமே வேற.

பச்சைமருந்து: எதுவா இருந்தாலும் சூடோமோனாஸ் பாக்டீரியா மருந்து அடிங்க, போதும்.

கழனிமேடு: நெல்லுதாங்க. ஐஆர் 64 ரகம், நவரைங்கற பனிக்காலப் பட்டம், செய்யாறு பக்கம். நட்டு 24 நாள். கண்ணு மாதிரி புள்ளி.

ஏட்டுவாத்தி: மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடிப் பார்த்துட்டுக் கேட்டா என்ன? கண்ணு மாதிரின்னா குலைநோய்தான், பூசணத்தால வர்றது. எதிர்ப்புன்னா புள்ளியே வராதுன்னு யார் சொன்னது? தனியாவே நோயைத் தடுக்கற பெரிய மரபணு வேலை செஞ்சா குண்டூசி முனையளவு பழுப்போட நின்னுடும். சின்னச் சின்ன மரபணுக்கள் சேர்ந்து தர்ற பகுதி எதிர்ப்புல பூசணம் உள்ளே போகும். ஆனா புள்ளி குறைவு, அளவு சின்னது, நோயைப் பரப்பற பூசண வித்தும் கொஞ்சமாத்தான் விடும். நோயோட வேகம்தான் குறையும். ஐஆர் 64-ல ரெண்டும் இருக்கு.

தாளடி: அவர் அவசரத்துல கேக்கறார், விடுங்க சார். கழனிமேடு, யூரியா எப்போ, எவ்வளவு? தண்ணி நிக்குதா?

கழனிமேடு: பயிர் வெளுத்துச்சுன்னு போன வாரம் ஏக்கருக்கு ஒரு மூட்டை. மோட்டார் ரிப்பேர், நாலு நாளா காஞ்சு கிடக்கு.

தாளடி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 45 கிலோ மூட்டையில தழைச்சத்து 21 கிலோ கிட்ட. குறுகிய கால நெல்லுக்கு மொத்தமே ஏக்கருக்கு 48 கிலோதான், அதையும் நாலு தடவையா பிரிச்சுப் போடணும். நீங்க பாதிக்குப் பக்கமா ஒரே வீச்சுல போட்டுட்டீங்க. பகுதி எதிர்ப்பு இதுக்குத்தான் முதல்ல விட்டுக்கொடுக்கும். கழனி காய்ஞ்சதும் பனியும் சேர்ந்தாச்சு. தண்ணி கட்டுங்க. இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பாக்கற இலை வண்ண அட்டையில 4-க்குக் கீழே இறங்கற வரைக்கும் யூரியா வேண்டாம்.

டிரைசைக்ளசோல் 75 சதத் தூள், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணியில. பனி உலர்ந்த பிறகு அடிங்க. பூசணம் இலையைத் துளைக்க மெலனின்ங்கற கறுப்பு நிறமி வேணும், இந்த மருந்து அதைத் தடுக்குது. அதனால ஏற்கனவே வந்த புள்ளி ஆறாது. ‘மருந்து கேக்கல’ன்னு ரெண்டாம் நாளே திரும்ப அடிக்காதீங்க.

விதைநெல்: கேக்குதான்னு பாக்க வழி: 20 தூருக்கு நூல் கட்டுங்க. ஒவ்வொண்ணுலயும் புதுசா முழுசா விரிஞ்ச இலையில, 3 மி.மீ. தாண்டின புள்ளியை மட்டும் எண்ணுங்க. 5 நாள் கழிச்சு, அப்போ விரிஞ்சிருக்கற இலையில எண்ணுங்க. பழைய இலையை எண்ணினா ஏமாந்துடுவீங்க. இலை முத்த முத்த நோய் பிடிக்கறது குறையும், இளசுலதான் உண்மை தெரியும்.

நாற்றுமுடி: சுருக்கமா ‘தாங்குதிறன் ரகம்’னு சொல்லிட்டுப் போங்களேன்.

ஏட்டுவாத்தி: தாங்குதிறன்னா அதே அளவு நோய் வந்தும் மகசூல் விழாதது. பகுதி எதிர்ப்புல நோயே குறைவு. அடிப்படையே தெரியாம பேசக் கூடாது. ஜப்பான் மேட்டு நெல்லுல இருக்கற பிஐ21-ங்கற பகுதி எதிர்ப்பு மரபணு பத்தி 2009-ல வந்த ஆராய்ச்சியைப் படிங்க. நல்ல எதிர்ப்புதான், ஆனா பக்கத்துலயே சோத்து ருசியைக் கெடுக்கற மரபணு ஒட்டிக்கிட்டு இருந்ததால ரொம்ப காலம் பயன்படுத்த முடியல.

விதைநெல்: நம்ம கோ 39 ரகம் குலைநோய்க்கு விருந்து. அதை மேற்கு ஆப்பிரிக்க மொரொபெரெகான் ரகத்தோட ஒட்டுச் சேர்த்து ஆராய்ஞ்சப்போ பெரிய மரபணுவும் கிடைச்சுது, சின்னச் சின்னதா நிறையவும் கிடைச்சுது. இது பெரிய எதிர்ப்பு, இது பகுதி எதிர்ப்புன்னு கழனியில கோடு போட்டுப் பிரிக்க முடியாது வாத்தியாரே.

ஏட்டுவாத்தி: பிரிக்கத் தெரியாதவங்களுக்கு முடியாது.

பச்சைமருந்து: டிரைசைக்ளசோலுக்கு ஐரோப்பாவுல 2017-லேயே எச்ச வரம்பை, அதாவது அரிசியில மிஞ்சலாம்ங்கற மருந்து அளவை, கிலோவுக்கு 0.01 மி.கிராமா இறக்கிட்டாங்க. அதையா சிபாரிசு பண்றீங்க?

தாளடி: வரம்பு அரிசிக்கு. இது நட்டு 24 நாள் பயிர்.

கழனிமேடு: தண்ணி விட்டாச்சு, மருந்து ஒரு தடவை. நூல் கட்டி எண்ணினேன், முன்னாடி 61, இப்போ 17. நன்றிங்க.

தாளடி: சந்தோஷம். ஆனா இலையில தாங்கினது கதிர்க் கழுத்துலயும் தாங்கும்னு நம்பாதீங்க. கழுத்து கறுத்த பிறகு அடிச்சுப் பயனில்லை. கதிர் எட்டிப் பாக்கும்போது பனி இருந்தா இன்னொரு தடவை அடிங்க. எச்ச வரம்பு இருக்கறதால, அரிசி ஐரோப்பாவுக்குப் போகுதான்னு வியாபாரியை அப்போ கேட்டுக்கோங்க.

விதைநெல்: கலப்படமான்னு கேட்டீங்களே, பையில சீட்டு நீலமா (அரசு சான்று விதை), பச்சையா (வித்தவங்களே உறுதி சொன்ன விதை)?

விதைநெல்: கழனிமேடு?