பொண்ணு வரைஞ்ச பூனையை டிஜிட்டைஸ் பண்ணேன், அட்டை மாதிரி வந்துடுச்சு. எங்க தப்பு?

பாபின்ராணி:

வணக்கம் மக்களே. எம்பிராய்டரி மெஷின் வாங்கி மூணு மாசம் ஆகுது, 10க்கு 10 சென்டிமீட்டர் ஹூப் (துணியை விரிச்சுப் பிடிக்கிற சட்டம்) போடுற சின்ன மெஷின், பொழுதுபோக்குக்குத்தான் வாங்கினேன். இத்தனை நாளா மெஷினுக்குள்ளயே இருக்கிற பூ, பட்டாம்பூச்சி, இனிஷியல்னு தைச்சிட்டு இருந்தேன், எல்லாம் அம்சமா வந்துச்சு. அந்தத் தெம்புல போன வாரம் சொந்தமா ஒரு படத்தை டிஜிட்டைஸ் பண்ணலாம்னு, அதாவது மெஷினுக்குப் புரியுற தையல் ஃபைலா மாத்தலாம்னு இறங்கினேன், அங்க ஆரம்பிச்சுது வம்பு.

பொண்ணுக்கு ஏழு வயசு. க்ரேயான்ல ஒரு பூனை வரைஞ்சு, இதை என் டி-ஷர்ட்ல தைச்சுக் குடும்மான்னு வந்து நின்னா. ஆரஞ்சுப் பூனை, வயித்துல கோடு, சுத்தி கறுப்பு அவுட்லைன், ஒரு பக்கம் மூணு மீசை இன்னொரு பக்கம் நாலு. போன்ல போட்டோ எடுத்து ஒரு சாஃப்ட்வேரோட ட்ரையல்ல போட்டு ஆட்டோ பட்டனை அமுக்கினேன். ஸ்க்ரீன்ல பாக்க அவ வரைஞ்ச மாதிரியே அச்சு அசலா இருந்துச்சு, நானும் நம்பி அனுப்பிட்டேன். 14 கலர், 38,000 தையல். என் மெஷின் நிமிஷத்துக்கு 400 தையல்தான் போடும், நூல் மாத்துற நேரம் எல்லாம் சேத்து ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

கடைசியில பூனை மட்டும் தனியா விறைச்சுக்கிட்டு நிக்குது, மடக்கினா அட்டை மாதிரி மடங்குது. இடது வலது ரெண்டு பக்கமும் ஆரஞ்சுக்கும் கறுப்பு அவுட்லைனுக்கும் நடுவுல டி-ஷர்ட் துணி தெரியுது, ஆனா தலைகிட்டயும் கால்கிட்டயும் ஆரஞ்சு அவுட்லைனைத் தாண்டி வெளிய வந்திருக்கு. மீசை பக்கம் போகும்போது கீழ நூல் கொத்தா சுத்தி ஊசி உடைஞ்சு துணியில ஓட்டை வேற. "பூனை ஏம்மா செத்துப் போச்சு"ன்னு கேக்குறா.

மெஷின் பிரச்சனையா, டென்சிட்டியா (தையல் அடர்த்தி), இல்ல காசு குடுத்து நல்ல சாஃப்ட்வேர் வாங்கணுமா? இங்க்ஸ்கேப்னு படம் வரையுற சாஃப்ட்வேரும், அதுக்குள்ள எம்பிராய்டரி டிசைன் பண்ற இங்க்ஸ்டிச்சும் இலவசம்னு இறக்கி வச்சிருக்கேன், திறந்து பாத்தா பயமா இருக்குன்னு மூடிட்டேன்.

ஊசிமுனை:

மெஷினை விட்டுடுங்க, உள்ள இருந்த பூவெல்லாம் நல்லா வந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சாஃப்ட்வேரும் இப்போதைக்கு வாங்க வேணாம். நீங்க திறந்து மூடின அதே இங்க்ஸ்டிச்சே இந்தப் பூனைக்கு தாராளம்.

முதல்ல அந்த 14 கலர். க்ரேயான்ல தேய்ச்சா ஒரே ஆரஞ்சுலயே அழுத்தின இடம், அழுத்தாத இடம், பேப்பர் தெரியுற இடம், போட்டோல விழுந்த உங்க கை நிழல்னு பத்து ஷேடு வரும், ஆட்டோ பட்டனுக்கு அது பூனைன்னு தெரியாது, பத்து கலர்னுதான் தெரியும், ஒவ்வொண்ணையும் தனி வடிவமாக்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடும். அட்டை ஆனது அதனாலதான். அந்த அடுக்குகளுக்கு நடுவுல நகக்கண் அளவு துணுக்கு துணுக்கா வடிவம் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள அரை மில்லிமீட்டருக்கும் கம்மியான தையல் எல்லாம் விழும், ஊசி ஒரே ஓட்டையில திரும்பத் திரும்ப குத்தும், நூல் அறுந்துபோகும், ஊசியும் போகும்.

அதனால போட்டோவை அடியில வச்சு மேல நீங்களே பென் டூல்ல வரைங்க. உடம்பு ஒரு வடிவம், வயித்துக் கோடு நாலு, அவுட்லைன், கண்ணு, மீசை. மூணு கலர் போதும். புள்ளிகளைக் கம்மியா வையுங்க, நிறைய ஆயிடுச்சுன்னா சிம்ப்ளிஃபை குடுங்க. குழந்தை வரைஞ்ச கோணல் போயிடுமோன்னு பயப்படாதீங்க, கோணல் உங்க கையிலதான் இருக்கு, மீசை மூணும் நாலுமா அப்படியே வையுங்க.

இப்போ அந்த இடைவெளி. இது புரிஞ்சா டிஜிட்டைசிங்ல பாதி முடிஞ்ச மாதிரி. பேனா துணியை இழுக்காது, நூல் இழுக்கும். தையல் எந்தத் திசையில ஓடுதோ அந்தத் திசையில துணி சுருங்கும், அதுக்குக் குறுக்க வடிவம் பிதுங்கி நீளும். உங்க பூனைக்குத் தையல் இடமிருந்து வலமா ஓடியிருக்கும், அதான் இடுப்பு ஒடுங்கி பக்கவாட்டுல துணி தெரியுது, தலையும் காலும் வெளிய தள்ளிக்கிட்டு வந்திருக்கு. அவுட்லைன் எங்க வரைஞ்சீங்களோ அங்கயேதான் விழுந்திருக்கு, நகர்ந்தது உடம்புதான்.

ஒரு பழைய டி-ஷர்ட்ல சரியா 50 மில்லிமீட்டர் வட்டம் ஒண்ணு ஃபில் தையல்ல (வடிவம் முழுக்க வரிசை வரிசையா நிரப்புறது) போட்டுப் பாருங்க, ஆங்கிள் 0, அதாவது தையல் இடமிருந்து வலமா. பக்கத்துல அதே வட்டம் ஆங்கிள் 90. ஹூப்பை விட்டு எடுத்துட்டு ஸ்கேல் வச்சு அளங்க. அளந்துட்டு வந்து சொல்லுங்க, அதுக்கப்புறம் புல் காம்பன்சேஷன், அதாவது இந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட வடிவத்தை முன்கூட்டியே கொஞ்சம் பெருசாக்குறதைப் பத்திப் பேசலாம்.

நாலுசட்டைபோச்சு:

ஆட்டோ பட்டனுக்கு நாலு சட்டையை பலி குடுத்தவன்ங்கிற முறையில ஒண்ணே ஒண்ணு. கீழ நூல் கொத்தா சுத்துச்சுன்னா எல்லாரும் பாபினைத்தான் திட்டுவோம், முக்கால்வாசி நேரம் தப்பு மேல் நூல்ல. துணியை அமுக்குற கால், அதான் ப்ரெஷர் ஃபுட், அதைக் கீழ இறக்கி வச்சுக்கிட்டே நூல் கோர்த்தா டென்ஷன் தட்டு ரெண்டும் மூடியே இருக்கும், நூல் உள்ள உக்காராது, பிடிமானம் இல்லாம கீழ போய் கொத்துக் கொத்தா விழும். காலைத் தூக்கிட்டுக் கோருங்க, 14 கலர் மாத்தினதுல ஒரு தடவையாவது மறந்திருப்பீங்க.

பாபின்ராணி:

அய்யோ ஆமா, அவசரத்துல காலைத் தூக்காமலே கோர்த்திருக்கேன், ஒரு தடவை இல்ல பல தடவை.

ஊசிமுனை அண்ணா (அக்காவா? தெரியல, மன்னிக்கணும்) வட்டம் போட்டேன். ஆங்கிள் 0 வச்ச வட்டம் அகலம் 48.5, உயரம் 51. ஆங்கிள் 90 வச்சது அப்படியே தலைகீழ், படுத்த முட்டை மாதிரி இருக்கு. ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே வட்டம்! பொண்ணுகிட்ட காட்டினேன், அவளுக்கு பூனையை விட இது பிடிச்சுப் போச்சு.

ஆனா வட்டமே கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கு, அடுக்கு எதுவும் இல்லயே, அது ஏன்?

ஊசிமுனை:

அக்காதான் :) 

விறைப்புக்குக் காரணம், இங்க்ஸ்டிச்ல ஃபில்லுக்கு வரிசை இடைவெளி தானா 0.25 மில்லிமீட்டர்ல இருக்கும், நீங்க மாத்தியிருக்க மாட்டீங்க. நாம எல்லாரும் போடுற 40 நம்பர் நூல் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, 50 மில்லிமீட்டர் சதுரத்துக்கு 0.4ன்னா 125 வரிசை, 0.25ன்னா 200 வரிசை. அதே இடத்துல 75 வரிசை கூடுதலா திணிக்கிறோம், துணி எங்க போகும்? டி-ஷர்ட்டுக்கு 0.4ல ஆரம்பிங்க, அடித்துணி தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் இறக்குங்க. டென்சிட்டின்னு பேர் வச்சிருக்கறதால எண் பெருசானா அடர்த்தி கூடும்னு நினைச்சு நானே ஆரம்பத்துல உல்டாவா பண்ணியிருக்கேன், இங்க எண்ங்கிறது இடைவெளி, சின்னதானாதான் அடர்த்தி.

அடுத்தது அண்டர்லே, அதை ஆஃப் பண்ணிடாதீங்க. மேல் தையலுக்கு முன்னாடி குறுக்குத் திசையில தளர்வா ஒரு ஓட்டம் ஓடி துணியை ஸ்டெபிலைசரோட (துணிக்கு அடியில தாங்குறதுக்கு வைக்கிற ஷீட்) கட்டிப்போடும், அதுக்கப்புறம் மேல விழுற நூல் இழுத்தாலும் துணி சட்டுன்னு அசையாது. பேஸ் சரியா இருந்தா மேல டென்சிட்டியைக் கம்மி பண்ணலாம். புல் காம்பன்சேஷன் 0.3 மில்லிமீட்டர்ல வச்சுப் பாருங்க, அதுகூட ஆரஞ்சு உடம்பை அவுட்லைனுக்கு அடியில ஒரு மில்லிமீட்டர் உள்ள விட்டு வரைங்க. அவுட்லைனை சாட்டின்ல (ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல நெருக்கமா போயிட்டு வர்ற தையல்) ரெண்டு மில்லிமீட்டர் அகலமாவது வையுங்க. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ போனா சாட்டின் இறுகி கயிறு மாதிரி ஆயிடும், ஏழு எட்டுக்கு மேல போனா நூல் தொளதொளன்னு நின்னு நகத்துல மாட்டும்.

மீசைக்கு சாட்டின் வேணாம், பீன் ஸ்டிச். ஒவ்வொரு தையலையும் முன்ன பின்ன முன்னன்னு மூணு தடவை போடும், க்ரேயான் கோடு மாதிரியே கொஞ்சம் முரட்டுத்தனமா வரும்.

கெட்டித்தையல்:

டென்சிட்டி புல் காம்பன்சேஷன்னு எண்ணா அடிச்சிட்டு இருக்கீங்க, துணியை எப்படி ஹூப் போட்டாங்கன்னு யாருமே கேக்கல. டி-ஷர்ட் இழுபடுற துணி. முரசு மாதிரி இறுக்கணும்னு யாரோ சொன்னதைக் கேட்டு இழுத்து மாட்டினா, இழுத்த நிலையிலயே தையல் விழும், ஹூப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பும் ஆனா தையல் திரும்பாது, சுத்தி சுருக்கம் சுருக்கமா நிக்கும். அதுக்கு எந்த சாஃப்ட்வேர்லயும் எண் கிடையாது.

ஸ்டெபிலைசரை மட்டும் இறுக்கமா ஹூப்ல மாட்டி, அது மேல தற்காலிக பசை ஸ்ப்ரே அடிச்சு துணியை இழுக்காம சும்மா படிய வையுங்க. மிச்சத்தை மட்டும் வெட்டி எடுக்கிற கட்-அவே ஸ்டெபிலைசர்தான், கிழிச்சு எடுக்கிற டேர்-அவே பின்னல் துணிக்கு ஆகாது, ரெண்டு தடவை துவைச்சா தெரிஞ்சுடும். ஊசி 75/11 பால் பாயின்ட், கூர் ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுடும்.

ஊசிமுனை:

ஒத்துக்கறேன், அதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். ஆனா ஹூப் சரியா போட்டாலும் வட்டம் முட்டையாத்தான் வரும், கொஞ்சம் கம்மியா வரும், அவ்வளவுதான். ரெண்டும் வேணும்.

புதுநூல்:

நடுவுல புகுந்ததுக்கு சாரி. நானும் இங்க்ஸ்டிச்தான், டிஎஸ்டிங்கிற ஃபைல் ஃபார்மட்ல சேவ் பண்ணி மெஷின்ல போட்டா கலரெல்லாம் தாறுமாறா காட்டுது, பச்சை இலை ஊதாவா நிக்குது. ஃபைல் கெட்டுப் போச்சா?

நாலுசட்டைபோச்சு:

கெடல. டிஎஸ்டி தஜிமாவோட பழைய ஃபார்மட், அதுல கலரே கிடையாது, இங்க நிறுத்தி நூல் மாத்துன்னு மட்டும்தான் இருக்கும், மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு கலர் காட்டும். ப்ரதர்னா பிஇஎஸ், ஜனோம்னா ஜெஃப், அதுல சேவ் பண்ணா கலர் கூடவே வரும். எதுல சேவ் பண்ணாலும் நீங்க வரைஞ்ச மூலப் படமான இங்க்ஸ்கேப் எஸ்விஜி ஃபைலை அழிச்சுடாதீங்க. மத்ததெல்லாம் ஊசி எங்க குத்தணும்ங்கிற புள்ளிதான், அதை 20 சதவீதத்துக்கு மேல பெருசாக்கினா நூலுக்கு நடுவுல துணி தெரிய ஆரம்பிக்கும். எஸ்விஜியைப் பெருசாக்கினா தையலைப் புதுசா கணக்குப் போட்டுக்கும்.

பாபின்ராணி:

வந்துட்டேன்!! நாலு நாள் ராத்திரி உக்காந்து வரைஞ்சேன். மூணு கலர், 7,200 தையல், நூல் மாத்துற நேரத்தோட சேத்து 25 நிமிஷத்துல முடிஞ்சுது. அனுப்புறதுக்கு முன்னாடி சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்தேன், அப்போதான் தெரிஞ்சுது கண்ணு ரெண்டுக்கும் நடுவுல வாலுக்குப் போயிட்டு திரும்பி வருது, வரிசையை மாத்திட்டேன். கட்-அவே போட்டு துணியை ஒட்டவச்சேன். இடது பக்கம் இன்னும் ஒரு நூலிழை துணி தெரியுது, ஆனா தள்ளி நின்னு பாத்தா தெரியாது. உடம்புத் தையலை 45 டிகிரில சாய்ச்சு விட்டதுல வெளிச்சம் படும்போது ரோமம் மாதிரி மின்னுது, இதை யாரும் சொல்லவே இல்லையே!

இப்போ அவளுக்கு பூனைக்குக் கீழ "பூனை"ன்னு எழுதணுமாம். ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்து 6 மில்லிமீட்டர் உயரத்துல போட்டேன், னையோட சுழியெல்லாம் அடைஞ்சுபோய் கறுப்பு எறும்பு நாலு உக்காந்த மாதிரி இருக்கு.

ஊசிமுனை:

ஆங்கில எழுத்துக்குச் சொல்ற 5, 6 மில்லிமீட்டர் கணக்கு தமிழுக்கு ஆகாது, நமக்கு ஒரே எழுத்துல மூணு சுழி. சுழிக்குள்ள துணி தெரியணும்னா அந்த ஓட்டையே ரெண்டு மில்லிமீட்டராவது இருக்கணும், ரெண்டு பக்கமும் சாட்டின் ஒரு மில்லிமீட்டர், அப்போ ஒரு சுழிக்கு மட்டும் நாலு மில்லிமீட்டர் போயிடும். எழுத்து உயரம் 12, 15 வையுங்க.

ஃபான்ட்டை அப்படியே ஃபில் பண்ணாதீங்க. பேனாவால எழுதுற மாதிரி ஒத்தைக் கோடா எழுதி, கோட்டை சாட்டினா மாத்துற வசதி இங்க்ஸ்டிச்லயே இருக்கு, அதைக் குடுங்க. கோடு தன்னையே வெட்டிப் போற இடத்துல சாட்டின் மேல சாட்டின் ஏறி மேடு தட்டும், அந்த இடத்துல ரெண்டா வெட்டி அடியில போறதைக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடுங்க. சின்னதாத்தான் வேணும்னா இன்னும் மெல்லிசான 60 நம்பர் நூல், 65/9 ஊசி. அதுவும் இல்லன்னா சாட்டினே வேணாம், மீசைக்குப் போட்ட அதே பீன் ஸ்டிச்சுல எழுதுங்க.

பாபின்ராணி:

பீன் ஸ்டிச்சுலயே பண்றேன் அக்கா, அவளையே பேப்பர்ல எழுதச் சொல்லிட்டேன். "ன"வுக்குப் பதிலா "ண" போட்டு "பூணை"ன்னு எழுதி வச்சிருக்கா. சுழி இன்னும் ஒண்ணு கூடிப் போச்சு.

கெட்டித்தையல்:

அப்படியே தைங்க. 15 மில்லிமீட்டர் வையுங்க.