பிபிசி மைக்ரோ: நிறப் பட்டை ஒரே இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது

மாட்டுத்தாவணி6502:
மதுரையில் ஒரு பள்ளி கழித்துப் போட்ட பிபிசி மைக்ரோ (1980-களின் பிரிட்டிஷ் கணினி) கைக்கு வந்திருக்கிறது. 1984-இல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனதே, அந்த ரகம். டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய பழைய டப்பா டிவியில் ஓட்டுகிறேன்.

மோடு 1 என்ற திரை வகையில், பாதித் திரைக்குக் கீழே பின்னணி நீலமாக மாற வேண்டும். விஎஸ்சின்க் (திரையில் அடுத்த படம் தொடங்கும் சைகை) வந்ததும் யூசர் வயா சிப்பின் டைமர் 1-ஐ ஒரு முறை கிளப்பி, பிறகு தானாகச் சுற்ற விட்டேன். சுற்று முடியும்போதெல்லாம் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்து நிறத்தை மாற்றும். லாச்சில் (டைமர் எண்ண வேண்டிய எண்ணை வைக்கும் இடம்) 20000 போட்டால் நீலம் மெல்லக் கீழே இறங்குகிறது. 19998 போட்டால் இறங்கவில்லை, ஆனால் எல்லைக் கோடு படபடவென்று அடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

வைகைமேடு:
லாச்சில் உள்ள எண்ணோடு 2 சேர்ந்துதான் டைமர் சுற்றும் தம்பி. 20000 என்றால் 20002 மைக்ரோ செகண்ட். 32 சுற்றுக்கு ஒரு வரி நழுவும். அது தீர்ந்தது.

படபடப்பு வேறு. இன்டர்லேஸ் ஓடுகிறது, அதாவது அடுத்தடுத்த படங்கள் அரை வரி தள்ளித் தள்ளி வரும். ஒரு வரி 64 மைக்ரோ செகண்ட்; ஒரு படத்துக்கான 20000-ஐ அதால் வகுத்தால் 312.5 வரி. ஒரு முறை வரி ஓரத்தில் விழும் மாற்றம், மறுமுறை அரை வரி தள்ளி விழுகிறது. இன்டர்லேஸை அணைக்க *டிவி 0,1 என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு மோடு 1 கொடுங்கள். மோடு மாறினால்தான் அமலாகும். இப்போது சரியாக 312 வரி, 19968 மைக்ரோ செகண்ட். லாச்சில் 19966.

பழங்காநத்தம்பிட்:
இதற்குப் பிறகும் லேசாக இடவலம் நடுங்கும். ஓடும் கட்டளை முடிந்த பிறகுதான் 6502 பிராசஸர் இன்டரப்டுக்குப் போகும். அதற்காகச் சைக்கிள் எண்ணி மண்டையை உடைக்காதீர்கள். 64-இல் படம் தெரிவது 40 மைக்ரோ செகண்ட்தான். மீதி 24 இருட்டு. மோடு 1-இல் ஒரு நிறத்தை மாற்ற பாலெட்டில் (நிறப் பட்டியலில்) 4 முறை எழுத வேண்டும், 12 மைக்ரோ செகண்ட் போதும். முதல் சுற்றின் எண்ணை மட்டும் கூட்டிக் குறைத்து, எழுதுவதை இருட்டுக்குள் தள்ளுங்கள். நடுக்கம் கண்ணில் படாது.

அவ்வப்போது பட்டை பல வரி துள்ளினால், சிஸ்டம் வயா என்ற இன்னொரு சிப்பின் 100 ஹெர்ட்ஸ் இன்டரப்ட் குறுக்கே வருகிறது. அதை அணைத்துப் பாருங்கள்.

பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கத்துப் பழைய ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றியாயிற்றா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். புகை வந்தால் வீடே நாறும்.

மாட்டுத்தாவணி6502:
நின்றுவிட்டது அண்ணே! துள்ளலும் இல்லை. கெப்பாசிட்டர் நாளைக்கு. இதையே மோடு 0-இல் செய்யலாமா?

பழங்காநத்தம்பிட்:
அங்கே ஒரு நிறத்துக்கு 8 முறை எழுத வேண்டும். இருட்டு 24-ம் அதற்கே சரியாகப் போய்விடும், நடுக்கத்துக்கு இடமில்லை. மோடு 2 என்றால் ஒரே ஒரு முறைதான். அங்கே போங்கள்.