அயர்லாந்தின் மேற்குக் கரை: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் அம்மா அப்பாவோடு அயர்லாந்து போகத் திட்டம். டப்ளினில் அதிகம் தங்காமல் ரயிலில் கால்வே போய், அங்கிருந்து மேற்குக் கரையைப் பார்க்க ஆசை.

மோஹர் பாறைகள் அட்லாண்டிக் கடலுக்கு மேல் 214 மீட்டர் வரை செங்குத்தாக எழுந்து நிற்பவை. ஆனால் என்னை அதைவிட இழுப்பது பக்கத்திலிருக்கும் டூலின் என்ற சிற்றூர்தான். சாயங்காலமானால் அங்கே பப்பின் ஒரு மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஃபிடில், புல்லாங்குழல், பௌரான் என்ற தோல் வாத்தியம் எல்லாம் வாசிப்பார்களாம். மேடை கிடையாது, யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அப்பா மிருதங்கம் வாசிப்பவர், அவருக்கு இதை எப்படியாவது காட்டிவிட வேண்டும்.

முதல் கேள்வி, மது அருந்தாத பெரியவர்களோடு அந்த பப்களுக்குப் போனால் சங்கடமாக இருக்குமா? சைவ உணவு கிடைக்குமா?

அப்புறம், ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு. பழைய துறவி மடத்துக்கு 600க்கும் மேற்பட்ட கல்படிகள் ஏற வேண்டும், அம்மாவுக்கோ முழங்கால் வலி. இறங்காமல் படகிலேயே தீவைச் சுற்றி வந்தால் மனம் நிறையுமா? கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள் என்பதால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைக்கலாமா?

கார் ஓட்டியவர்களும் சொல்லுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான், சரி. ஆனால் டிங்கிள் பக்கத்துக் குறுகலான சாலைகளில் எதிரே பஸ் வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?