புதுப்பிப்பு: தலைகீழ் பக்கங்களும் நேற்றைய வெளியீடும்

போன வாரம் புலம்பியிருந்தேனே, என் புதிய காதல் நாவலில் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், தலைகீழாக பைண்ட் ஆகி வந்துவிட்டது, வெளியீட்டைத் தள்ளிப்போடலாமா என்று. தள்ளிப்போடவில்லை. அச்சகத்தார் அட்டையைப் பிரித்து, சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். பசை வாசனைதான் இன்னும் போகவில்லை.

நேற்று மதுரையில் வெளியீடு. கதை நடப்பதே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும்தான், வேறு ஊர் தோன்றவில்லை. மேடை, பொன்னாடை எதுவும் கிடையாது. முதல் பிரதியை மார்க்கெட்டில் பூ விற்கும் அக்காவிடம் கொடுத்தேன். முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை எப்படி எகிறும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். நாயகனும் நாயகியும் முதலில் சண்டை போடுவதே அந்த விலையை வைத்துத்தான். அக்கா நாலு பக்கம் புரட்டினார். “கடைசில ரெண்டு பேரையும் சேத்து வச்சியா இல்லையாம்மா? அத மட்டும் சொல்லு” என்றார். சொல்லவில்லை.

அப்புறம், கதையின் முடிவை மாற்றச் சொன்னவர்களுக்கு: மாற்றினேன், பாதி. அட்டையில் ஜோடி முகம் வேண்டாம் என்றவர்களுக்கு: ஒரு மல்லிகைப் பந்து மட்டும்தான் இருக்கிறது.