மறுமொழி: அண்டர்கிளேஸ், ஓவர்கிளேஸ் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

> மெருகடி வண்ணம், மெருகுமேல் வண்ணம் எப்படி? சுருக்கமா வேணும்னா அடிவண்ணம், மேல்வண்ணம்.

வணக்கம் ஐயா. பீங்கான்ல கிளேஸ்ங்கற கண்ணாடி மாதிரி பூச்சுக்கு அடியில தீட்டறது அண்டர்கிளேஸ், மேல தீட்டறது ஓவர்கிளேஸ், இல்லையா? அடிவண்ணம்னா சுவத்துக்கு அடிக்கிற பிரைமர்தான் ஞாபகம் வருது, மேல இன்னொண்ணு அடிச்சு மறைச்சுடப் போறாங்கன்னு ஆயிடும். இங்க நடக்கறது நேரெதிர். கோபால்ட் நீலத்துல படம் போட்டு, அதுமேல பூச்சு கொடுத்து 1400 டிகிரி வாக்குல சுட்டா, பூச்சு கண்ணாடியா உருகி படம் உள்ளேர்ந்து தெரியும். அந்தச் சூட்டை அப்ப நம்பிக்கையா தாங்கினது கோபால்ட் ஒண்ணுதான், ஜெர்மனியில இருக்கற மைசென் பீங்கான் கம்பெனியோட பழைய "வெங்காய" டிசைன் தட்டெல்லாம் நீலமா இருக்கறது அதனாலதான் (வெங்காயமே கிடையாது அதுல, சீனத் தட்டுல இருந்த மாதுளையையும் பீச்சையும் பாத்து வந்த பேருன்னு சொல்லுவாங்க).

ஓவர்கிளேஸ்னா, சிவப்பு, பச்சை, தங்கத்துலேர்ந்து எடுக்கற ரோஸ் எல்லாம் சுட்டு முடிச்ச பாத்திரத்துமேல தீட்டி, 800 டிகிரி பக்கமா திரும்பச் சுடறது. 1720-ல ஹெரோல்ட்ங்கற ஓவியர் வியன்னாவிலேர்ந்து மைசெனுக்கு வந்தப்புறம்தான் அங்க இந்த வண்ணங்க பெருகுச்சு. கத்தி ஸ்பூன் பட்டுத் தேயறதும் இதுதான்.

நீங்க மொழிபெயர்க்கற மியூசியம் குறிப்புக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். குறைஞ்ச சூடு போதும்கறதால, ஆக்ஸ்பர்க் மாதிரி ஊர்கள்ல ஹவுஸ்மாலர்னு தனி ஓவியர்கள் வெள்ளைப் பீங்கானை வாங்கி, தங்களோட சின்னச் சூளையிலேயே வண்ணம் சுட்டாங்க. ஆனா மைசெனோட குறுக்கு வாள் முத்திரை பூச்சுக்கு அடியில, நீலத்துல. அதனால முத்திரை அசல், பாத்திரம் அசல், ஓவியம் மட்டும் வெளியாள் கைன்னு ஒரே தட்டுல ரெண்டும் இருக்கலாம். கம்பெனி கடைசியில வெள்ளைச் சாமான் விக்கறதையே கட்டுப்படுத்துச்சு.

சரி, மெருகு விஷயம். அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும், ஆனா தங்கம் வச்ச ஓரத்தைச் சுட்டப்புறம் அகேட் கல்லால தேய்ச்சு பளபளப்பாக்குவாங்களே, அதுதானே நிஜமா மெருகேத்தறது? ஒரே பத்தியில ரெண்டும் வந்தா வாசகர் தொலைஞ்சார். கிளேஸுக்கு கண்ணாடிப்பூச்சுன்னு வச்சுட்டு, அதுலேர்ந்து பூச்சடி ஓவியம், பூச்சுமேல் ஓவியம்னு போலாமேன்னு தோணுது.

——

> பூச்சுமேல் ஓவியம்

பூச்சடி பிரமாதம், காலடி, மரத்தடி மாதிரி வாயில தானா வருது. பூச்சுமேலைத் திருப்பி மேற்பூச்சுன்னு யாரும் திருத்திடாம பாத்துக்கங்க தம்பி, அது வேற அர்த்தம். பூச்சுமேல் தீட்டற அந்த வண்ணங்களைத்தான் எனாமல்னு சொல்றாங்க, அதுக்கு பழைய பட்டியல்கள்ல பற்சிப்பின்னு இருக்கும், பல் டாக்டர்கிட்டயே அது இருக்கட்டும், நாம எனாமல்னே எழுதலாம். தங்கமும் பூச்சுமேல்தான், ஆனா வண்ணத்துக்கெல்லாம் அப்புறம் இன்னும் குறைஞ்ச சூட்டுல சுடறதால "பூச்சுமேல் பொன்வேலை"ன்னு தனியா சேர்த்துடறேன். ஹவுஸ்மாலர் அப்படியே நிக்கட்டும்.